கன்சல்டிங்ல கார் எடுக்கப் போறியா, கண்ணு?

புதுசு வேண்டாம், நாலஞ்சு வருஷம் ஓடின வண்டியே போதும்னு நீ எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. புது வண்டி ஷோரூமை விட்டு இறங்கின முதல் ரெண்டு மூணு வருஷத்துலதான் விலை வேகமா விழும். அந்த நஷ்டத்தை வேற ஒருத்தர் தாங்கின பிறகு வாங்கறது கணக்குத் தெரிஞ்சவங்க செய்யற வேலை. நம்ம கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் மெயின் ரோட்டுல எங்க பார்த்தாலும் ‘கார் கன்சல்டிங்’ போர்டு இருக்கு, வண்டிக்குப் பஞ்சமே இல்ல. ஆனா “கடைக்காரர் ரொம்ப நல்லவருக்கா, சாயங்காலமே அட்வான்ஸ் போட்டுடறேன்”னு நீ போன்ல சொன்னதும் எனக்குப் பதறிப்போச்சு. அவர் நல்லவராவே இருக்கட்டும். நல்லவர்ங்கறதை நம்பி நாலு லட்சம் குடுக்கக் கூடாது.

யோசிச்சுப் பாரு. இதே வண்டியை ஓனர் வீட்டுக்கே போய் வாங்கினா கடைக்காரரோட லாபம் மிச்சம். அப்புறம் எதுக்குக் கடைக்குப் போறோம்? நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா கேக்கறதுக்கு ஒரு கதவு வேணும்ங்கறதுக்காகத்தான். வியாபாரமா விக்கறவர்கிட்ட வாங்கினா 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உனக்குத் துணைக்கு வரும். குறையை மறைச்சு வித்தார்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 1915-க்கு போன் போட்டும் புகார் சொல்லலாம். தன் சொந்த வண்டியை விக்கற தனியாள்கிட்ட இந்தக் கதவு கிடையாது. ஆனா கடையில வாங்கிட்டு பில் வாங்காம, பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் மட்டும் கைக்கு வந்ததுன்னா, காகிதப்படி நீ தனியாள்கிட்ட வாங்கினதா ஆயிடும். கடைக்காரருக்கு லாபமும் குடுத்திருப்ப, அவர் எங்கயுமே இருக்க மாட்டார். நான் கீழ சொல்லப்போற எல்லாமே இந்த ஒண்ணைச் சுத்தித்தான். அவரைக் காகிதத்துக்குள்ள கொண்டு வந்து உக்கார வைக்கணும்.

முதல் கேள்வி, “உங்ககிட்ட ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்குங்களா?” 2023 ஏப்ரல் 1-லேர்ந்து பழைய வண்டி விக்கற டீலர் ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரச் சான்று வாங்கணும்னு விதி வந்துடுச்சு. அது ஃபார்ம் 29பி, அஞ்சு வருஷத்துக்குச் செல்லும். ஓனர் வண்டியைக் கடையில ஒப்படைச்சதும் 29சி-ங்கற ஃபார்ம்ல ஆன்லைன்ல தெரிவிக்கணும். அதுலேர்ந்து அந்த வண்டிக்கு டீலரே ஓனர் மாதிரிப் பொறுப்பு. அந்த விதி வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னா, பேர் மாத்தறதுக்கான 29, 30 ஃபார்ம்ல ஓனர் வெறும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவார். வண்டி ரெண்டு மூணு கடை கை மாறும், ஆர்.சி.ல மட்டும் அவர் பேரே நிக்கும். இப்படிக் கை மாறின வண்டி ஒண்ணு விபத்துல மாட்டினப்ப, ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அங்கீகாரம் வாங்காத கடைகள் இன்னமும் இருக்கு. சான்று கேட்டதும் முகம் சுளிக்கிற கடையை விட்டுட்டு அடுத்த கடைக்குப் போ.

வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி நம்பரைப் பாரு

கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே போன்ல வண்டி நம்பரைக் கேட்டு வாங்கிக்கோ. எம்பரிவாகன் ஆப்ல போட்டா பதிவுத் தேதி, எந்த எரிபொருள், இன்சூரன்ஸ் எது வரைக்கும், லோன் இருக்கா எல்லாம் தெரியும். ஓனர் பேர்ல சில எழுத்தை மறைச்சிருக்கும், பரவாயில்ல. கடைக்காரர் சொன்னதும் அங்க இருக்கறதும் ஒத்துப்போகுதானு மட்டும் பாரு. ‘சிங்கிள் ஓனர்’னு அவர் சொல்ற வண்டி ஆர்.சி.ல மூணாவது ஓனர்னு இருந்தா, அப்புறம் அவர் சொல்ற எதையும் எடைபோட வேண்டிய அவசியமே இல்ல. இ-சலான் தளத்துலயும் அதே நம்பரைப் போட்டுப் பாரு. கட்டாத அபராதம் கிடந்தா பேர் மாத்தறப்ப வந்து நிக்கும். அதை யார் கட்டறதுன்னு இப்பவே பேசிக்கணும்.

ஹெச்.பி., அதாவது லோன் குடுத்த பேங்க் பேர் ஆர்.சி.ல ஏறியிருக்கறது, இந்த விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. பழைய ஓனர் லோனை முழுசாக் கட்டியிருப்பார், ஆனா ஆர்.சி.ல பேங்க் பேர் அப்படியே இருக்கும். பேங்க் குடுக்கற என்.ஓ.சி.யும், பேங்க் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம் இருந்தாத்தான் அதை எடுக்க முடியும். “லோன் முடிஞ்சுதுங்க, என்.ஓ.சி. அடுத்த வாரம் வந்துடும்”னா, சரி, அடுத்த வாரம் வந்தப்புறம் அட்வான்ஸ் தர்றேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு வா.

வெளிமாநில வண்டி விலை கம்மியா இருக்குன்னு காட்டுவாங்க. டெல்லியில பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கும் பதினஞ்சு வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கும் கெடுபிடி வந்ததுலேர்ந்து, அந்த வயசை நெருங்கின வண்டிகள் தெற்க வர ஆரம்பிச்சுது. அந்த விலையோட நம்ம ஊர்ல மறுபதிவும் ஆயுள் வரியும் சேர்த்துக் கூட்டிப் பாரு, மலிவு காணாமப் போயிடும். உனக்கு வேண்டாம், விட்டுடு.

டாக்ஸியா ஓடி ஓன் போர்டுக்கு மாறின வண்டியும் வரும். அது குற்றமில்ல, ஆனா ரெண்டு வருஷத்துலயே ஏகப்பட்ட கிலோமீட்டர் ஓடியிருக்கும். டி போர்டுலேர்ந்து மாறினதான்னு நேராவே கேளு. சி.என்.ஜி. வண்டின்னா, ஆர்.சி.ல சி.என்.ஜி. ஏத்தியிருக்கணும், சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒருதரம் டெஸ்ட் பண்ணின சான்றும் இருக்கணும்.

தண்ணியில நின்ன வண்டி

இங்க கொஞ்சம் நிதானமாப் படி. 2015 டிசம்பர்ல சென்னை மூழ்கிச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடி மூழ்கிச்சு. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு தூத்துக்குடியும் திருநெல்வேலியும். ஒவ்வொரு தடவையும் ஏகப்பட்ட கார் தண்ணிக்குள்ள நின்னுச்சு. ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் மதிப்புல 75 சதவீதத்தைத் தாண்டினா கம்பெனி ‘டோட்டல் லாஸ்’னு பணத்தைக் குடுத்துட்டு வண்டியை ஏலத்துல வித்துடும். அதை எடுத்துக் கழுவி, சீட் மாத்தி, பளபளன்னு ஆக்கி வேற ஊர்ல விக்கறவங்க இருக்காங்க. வேற ஊருன்னா நம்ம ஊருதான். அந்த வண்டி வாங்கின அன்னைக்கு நல்லாவே ஓடும். வயரிங்குக்குள்ளயும் கனெக்டர்லயும் ஏறின ஈரம் ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சுத்தான் பச்சை பிடிச்சு வேலையைக் காட்டும். பவர் விண்டோ நிக்கும், ஏ.பி.எஸ். லைட் எரியும், ஏர்பேக் தேவைப்படற நேரத்துல திறக்காமப் போகலாம். குழந்தையைப் பின்சீட்டுல உக்கார வெச்சுக்கிட்டு ஓட்டப்போற வண்டி இது. இதுல மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காத.

சீட் பெல்ட்டை முடிவு வரைக்கும் முழுசா இழு. அடியில கடைசி ஒரு அடிக்குச் சேத்துக் கறையோ, நிற மாற்றமோ இருக்கானு பாரு. அந்த இடத்தைக் கழுவறது கஷ்டம். கால் வைக்கிற மேட்டை எடுத்துட்டு, அடியில இருக்கற கார்ப்பெட்டையும் தூக்கிக் கையை வெச்சு அழுத்து. சீட்டை முன்ன தள்ளி, ரெயிலும் போல்ட்டும் துருப்பிடிச்சிருக்கானு டார்ச் அடிச்சுப் பாரு. டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அந்தக் குழியைத் தடவிப் பாரு. ஹெட்லைட் கண்ணாடிக்குள்ள நீர்க்கோடு, ஃபியூஸ் பாக்ஸ் மூலையில காஞ்ச சேறு, இதெல்லாம் பொய் சொல்லாது. உள்ள ஏறினதும் சென்ட் வாசம் ஆளைத் தூக்குச்சுன்னா ஜன்னலை மூடி பத்து நிமிஷம் ஏ.சி. போட்டு உக்காரு, ஈர வாசம் தானா மேல வரும். நம்பர் டிஎன் 14, டிஎன் 69, டிஎன் 72-னு ஆரம்பிச்சா மோசமான வண்டின்னு அர்த்தமில்ல. அது சோழிங்கநல்லூர், தூத்துக்குடி, திருநெல்வேலி. இன்னும் கொஞ்சம் கூடுதலா நேரம் எடுத்துப் பாருன்னு அர்த்தம். வேற ஊர்க்காரங்க அங்க குடியிருந்து ஓட்டின வண்டியும் உண்டு, அதனால எந்த நம்பரா இருந்தாலும் பெல்ட்டை இழுத்துப் பாரு.

கிலோமீட்டரும் பட்டி வேலையும்

மீட்டர்ல 32,000-னு காட்டும். டிஜிட்டல் மீட்டரைக் குறைக்கறது இன்னைக்குச் சின்ன வேலை. வீட்டு உபயோகத்துக்கு ஓடற வண்டி வருஷத்துக்குச் சுமார் பத்து, பன்னெண்டாயிரம் ஓடும். ஏழு வருஷ வண்டி 32,000-னா ஏன்னு கேக்கணும். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பர் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரி கேளு. கடைக்காரர் கூடவே இருந்து கேட்டுத் தரட்டும், நியாயமா விக்கறவர் தருவார். போன சர்வீஸ்ல 61,000-னு பதிவாகியிருந்தா பேச்சு முடிஞ்சுது. ஹிஸ்டரி கிடைக்கலன்னா கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரைப் பாரு, ஸ்டீயரிங்ல கை பிடிக்கிற இடம் தேஞ்சு மினுமினுக்குதானு பாரு, டிரைவர் சீட்ல ஏறி இறங்கற ஓரம் அமுங்கியிருக்கானு பாரு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. 2018 வண்டி, 25,000 கிலோமீட்டர் மட்டும்தான் ஓடியிருக்கு, ஆனா நாலு டயரும் 2022-னா, முதல் டயர் எங்க போச்சு? ஸ்டெப்னி தேதியையும் சேர்த்துப் பாரு, அதுதான் பெரும்பாலும் வண்டியோட வந்தது.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்கறதுக்குக் காலை வெயில் வேணும். ராத்திரி டியூப்லைட்ல, மழையில, கழுவின ஈரத்தோட வண்டி பார்க்காத. பக்கவாட்டுல குனிஞ்சு வண்டி நீளத்துக்குப் பார்த்தா பெயின்ட் நிறம் மாறற இடம், அலையலையாத் தெரியற இடம் கண்ணுல படும். துணி சுத்தின சின்ன காந்தத்தை இரும்பு பாடியில ஒட்டிப் பாரு, பட்டி கனமாப் போட்ட இடத்துல ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அங்க எப்பவுமே ஒட்டாது. பானட்டும் கதவும் மாட்டின போல்ட் தலையில பெயின்ட் உரிஞ்சிருந்தா ஸ்பேனர் பட்டிருக்குன்னு அர்த்தம். எல்லாக் கண்ணாடியிலயும் ஓரத்துல கம்பெனி முத்திரை இருக்கும், ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா அது மாத்தினது. பம்பர்ல, கதவுல சின்ன டிங்கரிங் இருந்தாப் பயப்படாத, நம்ம ரோட்டுல அது இல்லாத வண்டி கிடையாது. பானட்டுக்கு அடியில ரேடியேட்டரைத் தாங்கற சட்டம், ரெண்டு பக்க ஏப்ரன், கூரையைத் தாங்கற பில்லர், இங்க வெல்டிங் பண்ணியிருந்தா விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்.

வண்டி ஸ்டார்ட் பண்ணறதுக்கு முன்னாடி பானட் மேல கை வை. சூடா இருந்தா நீ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடேத்தி வெச்சிருக்காங்க. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். சாவி போட்டதும் இன்ஜின், ஏ.பி.எஸ்., ஏர்பேக் லைட் எல்லாம் ஒருதரம் எரிஞ்சு அப்புறம் அணையணும். எரியவே இல்லன்னா யாரோ அதைத் துண்டிச்சிருக்காங்க, அது எரியறதை விட மோசம். புகை நீலமா வந்தா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை சூடானப்புறமும் நிக்காம வந்தா கூலன்ட் உள்ள போகுது. அப்புறம் நீயே ஓட்டு, கடைப் பையன் ஓட்டி நீ பக்கத்துல உக்கார்றது டெஸ்ட் டிரைவ் இல்ல. மேடு, பள்ளம், ஸ்பீடு பிரேக்கர், அறுபதுல போற ரோடு, டிராஃபிக்ல ஏ.சி. போட்டு நிக்கறது, இது எல்லாம் வேணும். ரேடியோவை அணைச்சுடு.

இவ்வளவும் நீ பார்த்தாலும், உன் சொந்த மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போ. கடைக்காரர் ‘நம்ம ஆளு’ன்னு காட்டறவர் வேண்டாம். லிஃப்ட்ல ஏத்தி அடியில பார்க்கணும், ஸ்கேனர் மாட்டி எரர் கோடு பார்க்கணும். அவரோட அரை நாள் கூலியைத் தாராளமாக் குடு. ஆம்பளை துணை இருந்தாத்தான் கடையில மதிப்பாங்கன்னு நீ நினைக்கிற. பட்டியலை எழுதிக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேக்கறவங்களுக்குத் தானா மரியாதை வரும். கடைக்காரர் பதிலை உன் மெக்கானிக் பக்கம் திரும்பிச் சொன்னார்னா, “எனக்குச் சொல்லுங்கண்ணா, நான்தான் வாங்கறேன்”னு சொல்லு.

பணப் பேச்சு

விலை பேசறதுக்கு முன்னாடி அதே மாடல் புதுசு இன்னைக்கு என்ன விலைன்னு தெரிஞ்சுக்கோ. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 சதவீதமாக் குறைஞ்சுடுச்சு, புது வண்டி விலையும் இறங்கிடுச்சு. அதுக்கு முந்தின விலையை மனசுல வெச்சு “புதுசு ஏழரை லட்சம்ங்க”னு பேசுவாங்க, ஏமாறாத. இன்சூரன்ஸ் பாலிசியில இருக்கற ஐ.டி.வி., அதாவது வண்டியோட இன்சூரன்ஸ் மதிப்பு, அதுவும் ஒரு அளவுகோல். இன்னொண்ணு, பழைய வண்டி விக்கற டீலர் கட்ட வேண்டிய 18 சதவீத ஜி.எஸ்.டி. அவரோட லாபத்து மேல மட்டும்தான். மூணே முக்காலுக்கு வாங்கி நாலு லட்சத்துக்கு வித்தார்னா வரி அந்த 25,000-த்துக்கு. “நாலு லட்சத்துக்கும் 18 பர்சன்ட் போடணும்ங்க, பில் இல்லாம எடுத்துக்கோங்க”ன்னா அது உன்னைப் பில் கேக்க விடாம பண்ணற பேச்சு. பணத்தை பேங்க் வழியாவே குடு. ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறது சட்டப்படியே கூடாது.

லோனை கடையிலயே போட்டுத் தர்றேன்னு சொல்வாங்க. வட்டி 9 சதவீதம்தான்னு சொன்னா ‘ஃபிளாட்டா, குறையற வட்டியா’ன்னு கேளு. கணக்கு சொல்றேன். நாலு லட்சம், நாலு வருஷம், 9 சதவீத ஃபிளாட்னா வட்டி மட்டும் 1,44,000, மாசத் தவணை 11,333. நீ மாசாமாசம் அசலைக் கட்டிக் குறைச்சாலும் வட்டி முழு நாலு லட்சத்துக்கே ஓடிக்கிட்டிருக்கும். நிஜமான 9 சதவீதக் குறையற வட்டியில தவணை 9,954, மொத்த வட்டி 78,000-க்குள்ள. அந்த ஃபிளாட் ஒன்பது, உண்மையில ஏறக்குறைய 16 சதவீதம். 2024 அக்டோபர் 1-லேர்ந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி கடன் குடுக்கறவங்க வருடாந்திர மொத்தச் செலவு வீதத்தைத் தெளிவாக் காட்டற ஒரு விவரத்தாள் தரணும். கே.எஃப்.எஸ்.னு கேளு. அந்தத் தாளை வாங்கிட்டு உன் சம்பளம் வர்ற பேங்க்லயும் ஒரு தாள் வாங்கி ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு.

இனி எழுத்து. பில்லுல கடையோட பேர், ஜி.எஸ்.டி. எண், வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், மீட்டர்ல உள்ள கிலோமீட்டர், மொத்தத் தொகை எல்லாம் இருக்கணும். ‘பெரிய விபத்தில் சிக்கியதில்லை, வெள்ளத்தில் நின்றதில்லை’னு ஒரு வரி எழுதி சீல் வெச்சுக் கேளு. வாய்ல பத்து தடவை சொன்னவர் எழுத மாட்டேன்னா அங்கயே விடை கிடைச்சுடுது. வாரன்ட்டி தர்றேன்னா எந்தெந்தப் பாகத்துக்கு, எத்தனை மாசம்னு எழுதட்டும். ‘இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்ட்டி’ன்னா கிளட்ச்சும் ஏ.சி.யும் அதுல இல்ல. அட்வான்ஸ் ரசீதுல பேர் மாத்த முடியலன்னா, ஆவணத்துல குறை இருந்தா, பணம் திரும்ப வரும்னு இருக்கணும். ரெண்டாவது சாவியையும் இப்பவே வாங்கிக்கோ. டெலிவரி நோட்ல தேதியோட மணியும் போட்டுக்கோ, அதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் அந்த வண்டி செஞ்சது எதுவும் உன் தலையில வரக் கூடாது.

பேர் மாத்தற வேலையைக் கடைக்காரரே பார்த்துத் தர்றது வழக்கம். பார்க்கட்டும், ஆனா ஒரு தொகையை நிறுத்தி வெச்சு, உன் பேர்ல ஆர்.சி. வந்ததும் தர்றதா ரெண்டு பேரும் எழுதிக்கோங்க. விண்ணப்பத்துல போன் நம்பர் உன்னோடதா இருக்கணும். ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டுடுவார், அப்புறம் ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவரைத் தேடிக்கிட்டுப் போகணும். ஆர்.சி. தபால்ல வீட்டுக்கு வரும், முகவரியைச் சரியாக் குடு.

இன்சூரன்ஸ் மாத்தறதுக்கு 14 நாள்தான். அடுத்தவங்களுக்கு ஏற்படற சேதத்துக்கான பகுதி வண்டியோடவே உனக்கு வந்துடும், உன் வண்டிக்கான சேதப் பகுதி தானா வராது. பழைய ஓனர் பேர்ல பாலிசி இருக்கறப்ப முட்டிக்கிட்டா, நீ கேக்கற கிளெய்மைக் கம்பெனி மறுத்துடலாம். நோ கிளெய்ம் போனஸும் பழைய ஓனரோடதான் போகும், அந்த வித்தியாசத்தை நீ கட்ட வேண்டியிருக்கும், அதுக்குத் தனியாப் பணம் வெச்சுக்கோ. கண்ணாடியில ஒட்டியிருக்கற ஃபாஸ்டேக் அவரோடது, அதை அவர் மூடினாத்தான் உன் பேர்ல புதுசு எடுக்க முடியும். இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட் மூணையும் வண்டி வந்த வாரமே மாத்திடு.

சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கெல்லாம் கடை வாசல்ல இரு. அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி, நீ பார்த்து வெச்சிருக்கற வண்டி நம்பரை எனக்கு அனுப்பு கண்ணு, சலானும் ஹெச்.பி.யும் நான் பார்த்துச் சொல்றேன்.